கீழிறங்கும் ஏலம்

உதயகுமாரின் பட்டறையில் இரண்டாவது ஷிப்டை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தபோது அந்த மெயில் வந்தது.

பட்டறை அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வடக்குக் கோடியில் இருந்தது. பெட்ரோல் கார் இன்ஜினுக்குள் உட்காரும் ராக்கர் ஷாஃப்ட் என்கிற எஃகுத் தண்டை அங்கே பதினாறு வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். முப்பத்தொரு பேருக்கு வேலை. செய்ததெல்லாம் ஐரோப்பாவில் இருக்கும் ஒரே ஒரு கார் கம்பெனிக்குப் போனது. அந்தக் கம்பெனி மின்சாரக் காருக்கு மாற ஆரம்பித்ததும் ஆர்டர் முதலில் கால் பங்கு குறைந்தது, அப்புறம் பாதியானது. மின்சாரக் காரில் இன்ஜின் கிடையாது. இன்ஜின் இல்லாத காருக்கு உதயகுமார் செய்கிற பொருளும் தேவை கிடையாது.

அவர் இதை எதிர்பார்க்காதவர் இல்லை. அப்பா அயப்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நிலமெல்லாம் மனையானதும் இதே பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். ஒரு வேலை போய் இன்னொரு வேலை வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் உதயகுமார். ஆனால் வருகிற வேலை தனக்கு வருமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

மெயிலை அனுப்பியது அதே ஐரோப்பியக் கம்பெனி. மின்சாரக் காரின் மோட்டாருக்குள் சுழலும் தண்டைச் செய்து தர ஆள் தேடுகிறார்கள். இணையத்தில் ஏலம். விலை ஏறுகிற ஏலம் இல்லை, இறங்குகிற ஏலம். யார் எல்லோரையும்விடக் குறைந்த விலைக்குச் செய்கிறேன் என்கிறாரோ அவருக்கு நான்கு வருட ஆர்டர். ஏலத்தில் கலந்துகொள்வதை வெளியில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு பத்திரம் இருந்தது. உதயகுமார் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஏலத்துக்கு முன்பு நடந்த ஆன்லைன் கூட்டத்தில் கொள்முதல் அதிகாரி ஒருவர், ஐந்து நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், சீனாவில் இதை மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே தருகிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தார்.

ஆபீஸைப் பார்த்துக்கொண்ட ரேவதியும் அவரும் மூன்று நாள் உட்கார்ந்து விலை போட்டார்கள். ஒரு தண்டு ஐநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கீழே போனால் நஷ்டம். ரேவதி அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

புதன்கிழமை மாலை, சேக்காட்டு வீட்டில், மனைவி ஷோபனாவிடம் மட்டும் சொன்னார். வியாழக்கிழமை ஒரு பெரிய வேலை இருக்கிறது, மோட்டாருக்குப் போகிற பொருள், கிடைத்தால் பட்டறை நிற்கும், யாரிடமும் மூச்சு விடாதே என்றார். ஷோபனா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. ஏதோ கேட்க வந்தவள் போல அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை மதியம் இரண்டரைக்கு ஏலம் தொடங்கியது. ஐரோப்பாவில் அது காலை நேரம். திரையில் மற்றவர் பெயரும் தெரியாது, அவர்கள் சொன்ன விலையும் தெரியாது. நம்முடைய இடம் மட்டும்தான் தெரியும். முதல் இடம் என்றால் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு. அரை மணி நேரம்தான் கணக்கு. ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது விலையைக் குறைத்தால் இன்னும் இரண்டு நிமிடம் நீளும்.

முதல் இருபது நிமிடத்தில் ஆறாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஐநூற்று நாற்பதில் பச்சை எரிந்தது. ஒரு நிமிடத்தில் சிவப்பானது. குறைத்தார்கள், பச்சை. மறுபடி சிவப்பு. இரண்டாம் இடத்துக்குக் கீழே ஒருமுறையும் போகாததால், மற்றவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள் என்பதும், எதிரில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்பதும் கொஞ்ச நேரத்தில் புரிந்தது. சீனாக்காரன்தான் என்று உதயகுமார் முடிவு செய்தார். இரண்டு இரண்டு ரூபாயாக இறங்கினார்கள். மூன்று மணிக்கு முடிய வேண்டியது நாலு மணிக்கும் முடியவில்லை.

ஐநூற்றுப் பன்னிரண்டு வந்தபோது ரேவதி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"சார், இதுக்கு மேல வேணாம்."

கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடி வழியாகக் கலியமூர்த்தி தெரிந்தார். பட்டறையின் முதல் ஆள் அவர். ஒரே ஒரு பழைய லேத்தோடு உதயகுமார் ஆரம்பித்த நாளில் சேர்ந்து, இப்போது சூப்பர்வைசராக இருந்தார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். உதயகுமார் நாற்காலியை இழுத்துப் போட்டு மவுஸைத் தானே வாங்கிக்கொண்டார்.

நஷ்டம் என்று தெரிந்தே இறங்கினார். முதல் வருடம் நஷ்டம் வந்தாலும் ஆர்டர் கூடும்போது சரிக்கட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஐநூறைத் தாண்டினார். நானூற்று எண்பத்தெட்டு போட்டபோது பச்சை எரிந்தது. ஒன்றரை நிமிடம் எரிந்தது. பிறகு சிவப்பு. விரல் மவுஸ் மேலேயே இருந்தது. அழுத்த முடியவில்லை. அந்தக் கண்ணாடி வழியாக மறுபடி கீழே பார்த்தால் அழுத்திவிடுவோம் என்று பயந்து பார்க்காமல் இருந்தார். நாலே முக்காலுக்குத் திரை மூடியது. இரண்டாம் இடம்.

மறுநாள் கலியமூர்த்தியை மேலே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். கலியமூர்த்தி கேட்டுவிட்டு, எப்போதிலிருந்து ஆட்களைக் குறைக்கப்போகிறாய் என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் என்றார் உதயகுமார்.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிச்செல்வன் ஆட்டுக்கறியும் ஸ்வீட் டப்பாவுமாகச் சேக்காட்டுக்கு வந்தான். அவன் ஷோபனாவின் தம்பி. குத்தம்பாக்கத்துப் பையன். பத்தொன்பது வயதில் உதயகுமாரின் பட்டறைக்கு வந்து ஒன்பது வருடம் தொழில் கற்று, பிறகு திருமழிசையில் சொந்தமாகச் சின்ன ஷெட் போட்டவன். ஷெட்டுக்கு மெஷின் பார்த்துக் கொடுத்ததே உதயகுமார்தான். இரண்டு சக்கர வண்டிகளுக்குச் சில்லறைச் சாமான் செய்துகொண்டிருந்தான்.

சாப்பிட உட்கார்ந்ததும் வெற்றிச்செல்வனால் அடக்க முடியவில்லை.

"மாமா, சொல்லக்கூடாதுன்னு எழுதி வாங்கிக்கினாங்கோ. இனிமே சொன்னா தப்பில்ல. எலக்ட்ரிக் கார் மோட்டாருக்கு ஷாஃப்ட். நாலு வருசம். எனக்குத்தான் கெட்ச்சிக்கீது."

உதயகுமார் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. வெற்றி சொல்லிக்கொண்டே போனான். ஏலத்தன்று மதியம் சாப்பிடவே இல்லையாம். மனைவி பானுப்பிரியா பக்கத்திலேயே நின்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாளாம்.

"சைனாக்காரன் மாமா. உட மாட்டேன்றான். நான் ரெண்டு ரூபா எறக்குனா அவனும் எறக்குறான். கடைசீல நானூத்தி எம்பத்தாறு போட்டேன். அத்தோட படுத்துட்டான்."

"நல்லது மச்சான்" என்றார் உதயகுமார். அவர் குரல் அவருக்கே சாதாரணமாகத்தான் கேட்டது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ஷோபனா குழம்புக் கிண்ணத்தோடு வாசற்படியிலேயே நின்றாள். அக்கா, இன்னும் கொஞ்சம் ஊத்து என்று தம்பி கேட்ட பிறகுதான் அசைந்தாள்.

வெற்றி கிளம்பிப் போனதும் அவர் கேட்டார், உனக்குத் தெரியுமா என்று. அவள் மறைக்கவில்லை. தம்பியும் செவ்வாய்க்கிழமை போன் பண்ணி வியாழக்கிழமை, மோட்டார், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லியிருந்தான். புதன்கிழமை இவரும் அதையே சொன்னபோது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"யாருக்குச் சொல்லி யாரை நிறுத்தச் சொல்றது? நீங்க முப்பது பேர வெச்சிக்கினு முழிக்கிறீங்க. அவன் இப்போதான் தலை தூக்குறான். ரெண்டுல ஒண்ணு நம்ம ஊட்டுக்கு வரட்டும்னு கம்முனு இருந்துட்டேன். ஒருத்தர ஒருத்தர் இந்த அளவுக்கு எறக்கிக்குவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் அவள் மேல் கோபப்பட நினைத்தார், முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துபோனது.

அடுத்து வந்த நாட்கள்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தன. அந்த விலை வெற்றியை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். வெற்றியிடம் நல்ல கிரைண்டிங் மெஷின் இல்லை. தண்டின் கடைசி இழைப்பை வெளியில் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அவனுக்கு அடக்க விலை ஐநூற்று முப்பதுக்கும் மேலே போகும். எதிரில் வேறு ஆளே இல்லாமல், மாமனும் மச்சானும் ஒருவரை ஒருவர் துரத்தித் தள்ளிய விலை அது. கம்பெனிக்காரன் ஐநூற்று நாற்பதுக்கே வாங்கியிருப்பான்.

வெற்றியிடம் சொல்லிவிடலாம். ஆனால் ரேவதி விதிகளைப் படித்துவிட்டு வேறொன்று சொன்னாள். ஜெயித்தவர் பதினைந்து நாளுக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் மூன்று வருடம் எந்த ஏலத்திலும் சேர்க்க மாட்டார்கள். ஆர்டர் இரண்டாம் இடத்துக்காரருக்கு, அவர் சொன்ன கடைசி விலைக்குப் போகும். அதாவது உதயகுமாருக்கு. அதனால் இப்போது போய்ச் சொன்னால், அவனைக் கலைத்துவிட்டு ஆர்டரை வாங்கத்தான் சொல்கிறார் என்று யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை என்று அவராலேயே அடித்துச் சொல்ல முடியவில்லை. நானூற்று எண்பத்தெட்டு அவருக்கும் நஷ்டம்தான். ஆனாலும் பட்டறை ஓடும், ஆட்கள் வருவார்கள் என்று ஒரு மூலையில் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டாவது நாள், குத்தம்பாக்கத்தில் அம்மா பெயரிலிருந்த மனையை வெற்றி விற்கப்போகிறான் என்று ஷோபனா சொன்னாள். பஸ் நிலையம் வந்த பிறகு அங்கே நல்ல விலை. புது மெஷின் வாங்குவதற்காம். உதயகுமார் மறுநாள் காலை பூந்தமல்லி வழியாகத் திருமழிசைக்கு வண்டியை விட்டார்.

வெற்றி ஷெட்டில் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். மாமாவைப் பார்த்ததும் டீ சொல்லி அனுப்பினான். உதயகுமார் டீ வரும்வரை காத்திருக்கவில்லை.

"மச்சான், அது சைனாக்காரன் இல்ல. நான்."

வெற்றிக்கு முதலில் புரியவில்லை. அவர் நானூற்று எண்பத்தெட்டு என்று தன் விலையைச் சொன்னார். எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் சொன்னார். வெற்றி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"இப்போ இன்னாத்துக்கு மாமா வந்து சொல்ற?"

அவர் நஷ்டக் கணக்கைச் சொன்னார். மனையை விற்காதே என்றார். தன் கிரைண்டிங் மெஷின்கள் பாதி நேரம் சும்மா நிற்பதைச் சொன்னார். வெற்றி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"நான் கையெழுத்துப் போடலன்னா உனக்குத்தான வரும்?"

"வரும்."

"அதத்தான் கேட்டேன்."

டீ வந்தது. இருவரும் குடிக்கவில்லை. உதயகுமார் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அன்று மாலையே வெற்றி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். அடுத்த வாரம் மனையும் விற்றது.

அம்பத்தூரில் மாதத்துக்கு மூன்று நான்கு பேராகக் குறைந்தார்கள். கலியமூர்த்தி தானாகவே முதலில் விலகிக்கொண்டார். என் சம்பளத்தில் இரண்டு பையன்களை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய், வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி வாசலில் செக்யூரிட்டி வேலையில் சேர்ந்தார். உதயகுமார் அவரைத் தடுக்கவில்லை. தன் அப்பா உட்கார்ந்த அதே நாற்காலியில் கலியமூர்த்தியை உட்கார வைத்துவிட்டோம் என்ற நினைப்பு அவரை விடாமல் அரித்தது. ஆறு மாதத்தில் பதினான்கு பேர்தான் மிஞ்சினார்கள். குத்தம்பாக்கத்தில் நடந்த ஒரு காதுகுத்துக்கு ஷோபனா தனியாகப் போய்விட்டு வந்தாள். யாரும் அவரைப் பற்றிக் கேட்கவில்லை என்று சொன்னாள். அதில் ஆறுதலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை.

ஏழாவது மாதம் ஒரு காலை, அவர் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஷோபனா வந்து நின்றாள். பானுப்பிரியா போன் பண்ணியிருந்தாளாம். ஐரோப்பாவுக்குப் போன சரக்கில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. தண்டின் பருமன் ஒரு மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு அதிகமாம். வாங்கின மெஷின் செகண்ட் ஹேண்ட், அது அளவில் நிற்கவில்லை. மூன்று வாரத்துக்குள் சரிசெய்து அனுப்பாவிட்டால் ஆர்டர் ரத்து. வெற்றி ஷெட்டை விட்டு வீட்டுக்கே வருவதில்லை, சாப்பிடுவதும் இல்லை.

"உங்கள போவச் சொல்லி நான் சொல்லல. அன்னிக்கு மாதிரி தெரிஞ்சிக்கினு கம்முனு இருக்கக்கூடாதுன்னு சொல்றேன். அப்புறம் உங்க இஷ்டம்."

உதயகுமார் பட்டறைக்குப் போகாமல் வேலப்பன்சாவடிக்குப் போனார். கலியமூர்த்தியின் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்தது. அதுவரை எதிரில் இருந்த கடையில் காத்திருந்து, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருமழிசைக்குப் போனார். கலியமூர்த்தி காக்கிச் சட்டையோடே ஷெட்டுக்குள் நுழைந்து, ஒரு தண்டை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்து, தடிமன் கூடினது நல்லது, குறைந்திருந்தால்தான் ஒன்றும் செய்ய முடியாது, நம்ம மெஷினில் போட்டு எடுத்துவிடலாம் என்றார்.

வெற்றி மெலிந்திருந்தான். மாமாவை நேராகப் பார்க்கவில்லை. பெட்டிகளை டெம்போவில் ஏற்றும்போது இருவரும் ஒரே பெட்டியின் இரண்டு முனையைப் பிடிக்க நேர்ந்தது.

"நீ சொன்னப்போ நான் தப்பா நெனச்சிக்கினேன் மாமா."

"முழுசா தப்புன்னு சொல்ல முடியாது" என்றார் உதயகுமார். "எனக்கும் அந்த ஆச இருந்திச்சி. இல்லாம இல்ல."

வெற்றி அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

பதினெட்டு நாள் அம்பத்தூரில் மறுபடி இரண்டு ஷிப்ட் ஓடியது. நிறுத்தின ஆட்களில் ஏழு பேர் கூப்பிட்டதும் வந்தார்கள். வேறு வேலை கிடைத்த மற்றவர்கள் வரவில்லை. சரக்கு நேரத்துக்குக் கிளம்பியது. ஆர்டர் தப்பியது. ஆனால் இரண்டு இடத்தில் இரண்டு வாடகை கொடுத்து அந்த விலைக்கு ஓட்ட முடியாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. ராக்கர் ஷாஃப்ட் ஆர்டரும் மார்ச்சோடு நிற்கிறது என்று கடிதம் வந்துவிட்டது. ஏப்ரலில் உதயகுமார் அம்பத்தூர்ப் பட்டறையைக் காலி செய்தார். மூன்று கிரைண்டிங் மெஷின்களை டிரெய்லரில் ஏற்றித் திருமழிசைக்கு அனுப்பினார். மீதியைப் பழைய இரும்புக்காரர் வந்து பார்த்தபோது அவர் அங்கே நிற்கவில்லை. ரேவதிக்கு அம்பத்தூரிலேயே வேறு கம்பெனியில் இடம் கிடைத்தது. கலியமூர்த்தி செக்யூரிட்டி வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து இருபத்தொரு பேர்.

உதயகுமார் மச்சானின் ஷெட்டில் வேலைக்குப் போகத் தொடங்கினார். பங்கு பாதிப் பாதி என்று வெற்றி எழுதிக் கொடுத்தான். ஆனாலும் காலையில் அந்த கேட்டுக்குள் நுழையும்போது முதல் சில வாரம் அவருக்குக் கால் கூசியது. பதினாறு வருடம் தானே பூட்டித் திறந்தவர், இன்னொருவன் திறந்து வைத்த இடத்துக்குள் போக வேண்டியிருந்தது. வெற்றியும் அவர் எதிரில் ஆட்களை அதட்டத் தயங்கினான்.

ஜூலையில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஒப்பந்தப்படி இரண்டாம் வருடத்திலிருந்து விலையில் நூற்றுக்கு நான்கு குறைக்க வேண்டும். வெற்றி அதைப் படித்துவிட்டு, சரியென்று எழுதிவிடலாம், இல்லாவிட்டால் ஆர்டரைப் பிடுங்கிவிடுவார்கள் என்றான். உதயகுமார் ஒத்துக்கொள்ளவில்லை. இதே பயத்தில்தான் அன்று இரண்டு இடத்திலும் உட்கார்ந்து இறங்கிக்கொண்டே போனோம் என்றார். அன்று மாலை முழுவதும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். எஃகு விலை ஏறியதையும், திரும்பி வந்த சரக்கைச் சொன்ன நாளுக்குள் சரிசெய்து கொடுத்ததையும் எழுதினார்கள். குறைக்க முடியாது, குறைத்தால் ஆறு மாதத்தில் நாங்களே நின்றுவிடுவோம், உங்களுக்கும் தண்டு இருக்காது என்று எழுதினார்கள். அனுப்பும் பொத்தானை வெற்றி அழுத்தினான்.

மூன்று வாரம் பதில் இல்லை. அந்த மூன்று வாரமும் வெற்றி போன் அடித்தால் எழுந்து வெளியே போய்ப் பேசினான். கடைசியில் பதில் வந்தது. இந்த வருடம் விலைக் குறைப்பு இல்லை. ஆனால் அந்தக் கார் அங்கே நினைத்த அளவு விற்கவில்லை. மற்ற நாட்டு மலிவுக் கார்களோடு போட்டி போட முடியவில்லை. அதனால் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஒப்பந்தக் காலம் முடிகிறவரை மீதி ஆர்டர் தொடரும்.

உதயகுமார் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார். யாரையும் அனுப்பவில்லை, ஓவர்டைம் கிடையாது, ஒரு ஷிப்ட்தான். கலியமூர்த்தி மட்டும், சரிப்பா, ஓடுகிறவரை ஓடட்டும் என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பினார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

வெற்றி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஒப்பந்தம் முடிஞ்சா திரும்ப ஏலம் போடுவாங்கோ மாமா. அப்போ நெஜமாவே சைனாக்காரன் வந்து குந்திக்கினா?"

"வருவான். அவனுக்கும் அங்க கூலிக்கு ஆளுங்க இருப்பாங்கோ, இல்ல?"

"அப்போ நாம இன்னா பண்றது?"

"ஒரே பேர்ல போடுவோம். நஷ்டம் வர்ற எடத்துல நிறுத்துவோம். வரலன்னா வரல."

நிறுத்த முடியுமா என்று உதயகுமாருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அன்று ஐநூற்றுப் பன்னிரண்டில் நிற்காதவர் அவர்தானே. வெளியே சரக்கு ஏற்ற லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. இருவரும் எழுந்து போனார்கள்.